சாயம் கலந்த பிளாஸ்டிக் கட்டியிலிருந்து நிறம் மாற்றும் லேசர்: முதன்முறை செய்பவர்களுக்கு

2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய் விற்பனைக்குத் தடை வந்தது பலருக்கும் நினைவிருக்கும். சோதித்த மாதிரிகளில் துணிக்குப் போடும் ரோடமின் பி என்ற சாயம் இருந்ததுதான் காரணம். வாய்க்குள் போகவே கூடாத அந்தச் சாயத்துக்கு லேசர் ஆய்வகத்தில் நல்ல மரியாதை உண்டு. அதன் நெருங்கிய சொந்தமான ரோடமின் 6ஜிக்கு இன்னும் அதிக மரியாதை. இந்தக் கட்டுரை முழுவதும் பெரும்பாலும் அந்த 6ஜியை வைத்துத்தான் ஓடும்.

சாய மூலக்கூறுகளைத் தூண்டி ஒளியைப் பெருக்கும் சாய லேசர் பிறந்தது 1966இல். அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வகத்தில் சொரோகினும் லங்கார்டும், ஜெர்மனியில் ஷேஃபரும் தனித்தனியாக அதை எட்டினார்கள். அடுத்த வருடமே சோஃபர், மெக்ஃபார்லண்ட் என்ற இருவர் இரண்டு காரியம் செய்தார்கள். ஒன்று, லேசரின் ஒரு கண்ணாடியை எடுத்துவிட்டு அங்கே கிரேட்டிங் (ஒளியை நிறவாரியாகப் பிரிக்கும் நுண்கோட்டுத் தகடு) வைத்து அலைநீளத்தைத் தொடர்ச்சியாக மாற்றிக் காட்டினார்கள். இரண்டு, திரவத்துக்குப் பதிலாக ரோடமின் 6ஜி கலந்த அக்ரிலிக் கட்டியிலேயே லேசர் எடுத்தார்கள். நாம் செய்யப்போவதும் இதே இரண்டுதான். 1970களின் தொடக்கத்தில் ஹென்ஷும் ஷாலோவும் ஃப்ளூரசீன் சாயம் சேர்த்த ஜெல்லட்டினிலேயே லேசர் எடுத்தார்கள். சாயம் எந்த ஊடகத்தில் இருக்கிறது என்பதில் லேசர் அவ்வளவு கறார் இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஊடகம் தெளிவாக இருக்கிறதா என்பதில்தான் அது கறார்.

சென்னையில் எம்.எஸ்ஸி புராஜெக்ட் செய்பவர்கள், ஆய்வுப் படிப்பில் புதிதாகச் சேர்ந்தவர்கள், இயற்பியலிலிருந்து வேதியியல் பக்கம் தயங்கித் தயங்கி வருபவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் தோற்பவர்களில் பெரும்பாலோர் ஆப்டிகல் மேசையில் தோற்பதில்லை. பீக்கரிலும் உப்புத்தாளிலும் தோற்கிறார்கள். கட்டி நன்றாக வந்துவிட்டால் லேசர் ஒரு மத்தியான வேலை. கட்டி சரியில்லை என்றால் சாயத்தைத் தூண்டுவதற்கான பம்ப் லேசர் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் பயனில்லை.

எங்கே செய்வது

வீட்டில் செய்ய வேண்டாம். ஆர்வம் இருக்கிறது, ரிச்சி தெருவில் பச்சை லேசர் பாயிண்டர் கிடைக்கிறது, அதை வைத்துச் சாயத்தைத் தூண்டிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது. 5 மில்லிவாட் பாயிண்டரைச் சாயக் கட்டியில் அடித்தால் அழகாக ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும், அவ்வளவுதான். நமக்கு வேண்டியது கியூ-ஸ்விட்ச் வசதியுள்ள, அதாவது ஆற்றலைச் சேர்த்து வைத்து ஒரே குறுந்துடிப்பாக விடும், என்டி-யாக் லேசர். அதன் 1064 நானோமீட்டர் ஒளியை ஒரு படிகம் வழியே பாதி அலைநீளமாக்கி, 532 நானோமீட்டர் பச்சைத் துடிப்பாகத் தரும். ஒரு மில்லிஜூல் ஆற்றல் 8 நானோ நொடிக்குள் வந்தால் அந்தக் கணத்தில் திறன் 125 கிலோவாட். பாயிண்டரைப் போல இரண்டரைக் கோடி மடங்கு. சாய மூலக்கூறு தூண்டப்பட்ட நிலையில் தங்குவது சுமார் 4 நானோ நொடிதான். அதற்குள் அடுத்தடுத்து அடி விழுந்தால்தான் மேல்நிலையில் கூட்டம் சேரும்.

சென்னையில் லேசர் வேலை நடக்கும் இயற்பியல் துறைகள் சிலவற்றில் இந்த யாக் லேசர் இருக்கிறது. உங்கள் துறையில் இல்லையென்றால் முதலில் கட்டியைச் செய்து, அதன் நிறமாலையை எடுத்துக்கொண்டு, பிறகு போய்க் கேளுங்கள். கையில் மெருகேற்றிய கட்டியோடு வரும் மாணவருக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க யாரும் அதிகம் தயங்குவதில்லை. உட்கவர்தல், ஒளிர்வு அளவீடுகளுக்குக் கட்டணம் கட்டி ஐஐடி மெட்ராஸின் பகுப்பாய்வுக் கருவி மையமான சைஃபை அணுகலாம். வெளி மாணவர்களின் மாதிரிகளையும் அங்கே எடுத்துக்கொள்வார்கள்.

கண்ணுக்கு முதலிடம்

532 நானோமீட்டருக்கான ஆரஞ்சு நிறப் பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டால் எல்லாம் சரி என்று நினைப்பது இந்தச் சோதனையில் ஆபத்தான நினைப்பு. அந்தக் கண்ணாடி பச்சையைத்தான் தடுக்கும். நீங்கள் உருவாக்கப்போவது 560இலிருந்து 600 வரையான மஞ்சள்-ஆரஞ்சு லேசர். அதைத் தாராளமாக உள்ளே விடும். ஆகவே கண்ணாடியை மட்டும் நம்பாமல், கற்றை எப்போதும் மேசைக்கு இணையாக, உட்கார்ந்தாலும் நின்றாலும் கண் உயரத்துக்கு வராத மட்டத்தில் ஓட வேண்டும். கட்டியின் இரு முனைகளுக்கு எதிரிலும் கறுப்புத் தடுப்பு வையுங்கள். சீரமைக்கும்போது வெள்ளை அட்டையையோ யுஎஸ்பி கேமராவையோ பாருங்கள், கட்டியின் முனையைக் குனிந்து பார்க்காதீர்கள். கைக்கடிகாரம், மோதிரம், வளையல் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள்.

வேதியியல் பக்கமும் கவனம் தேவை. அக்ரிலிக் கட்டிக்கான மூலப்பொருள் மெத்தில் மெதாக்ரிலேட், சுருக்கமாக எம்எம்ஏ. 10 டிகிரி செல்சியஸ் அளவிலேயே அதன் ஆவி தீப்பிடிக்கும். சென்னையில் எந்த மாதத்திலும் அறை வெப்பம் அதைவிட வெகுவாக மேலே. புகைபோக்கி அலமாரிக்குள் மட்டும் வேலை, பக்கத்தில் ஹீட்டர் சுருளோ பன்சன் அடுப்போ கூடாது. நைட்ரைல் கையுறையை எம்எம்ஏ சீக்கிரமே ஊடுருவிவிடும் என்பதால் மேலே பட்டால் உடனே மாற்றுங்கள்.

சாயம் தேர்வு

முதல்முறைக்கு ரோடமின் 6ஜி. 530 நானோமீட்டர் அருகே உச்ச உட்கவர்தல், யாக்கின் 532க்கு அளந்து தைத்தது மாதிரி. உறிஞ்சிய ஒளியில் மிகப் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுக்கும், விலையும் தாங்கும். வாங்கும்போது 'லேசர் தரம்' என்று கேட்டு வாங்குங்கள். பாரிமுனைப் பக்கம் கிலோ கணக்கில் கிடைக்கும் துணிச்சாயத்தில் உப்பும் கலப்படமும் இருக்கும், இந்த வேலைக்கு ஆகாது. நமக்கு வேண்டியதும் மில்லிகிராம்தான்.

இரண்டாவது கட்டியில் பிர்ரோமெத்தீன் 567 அல்லது 597ஐ முயலுங்கள். பிளாஸ்டிக்குக்குள் ரோடமினைவிட அதிகத் துடிப்புகளுக்குத் தாங்கும் என்று பெயர் பெற்றவை, எம்எம்ஏவில் நேரடியாகக் கரையும், ஆனால் விலை அதிகம். சிவப்புப் பக்கம் போக டிசிஎம் என்ற சாயம் இருக்கிறது. நீலமும் பச்சையும் வேண்டுமென்றால் கூமரின் குடும்பம், அதற்குப் பம்ப் லேசரில் 355 நானோமீட்டர் புற ஊதா வசதி வேண்டும்.

ஒரே சாயத்தில் பல நிறம் எப்படி வருகிறது? சாய மூலக்கூறு பெரியது, ஒவ்வொரு மின்னணு நிலைக்கும் மேல் அதிர்வு நிலைகள் நெருக்கமாக அடுக்கியிருக்கும். சுற்றியுள்ள ஊடகம் அவற்றை மேலும் பரப்பி ஒன்றோடொன்று இணைத்துவிடும். அதனால் கோடு கோடாக இல்லாமல் பத்துக்கணக்கான நானோமீட்டர் அகலத்தில் ஒரு பட்டையாக ஒளிரும். அந்தப் பட்டைக்குள் எந்த இடத்தை வளர்க்க வேண்டும் என்பதை நாம் கிரேட்டிங்கால் தேர்ந்தெடுக்கிறோம்.

எவ்வளவு சாயம்

பலரும் இதைக் கண்ணளவில் போடுவார்கள். கணக்குப் போட்டால் அழகான ஒரு விடை வரும். ரோடமின் 6ஜியின் மூலக்கூறு எடை 479. லிட்டருக்கு 0.0002 மோல் என்ற செறிவில், 532 நானோமீட்டர் ஒளி கட்டிக்குள் சுமார் 0.2 மில்லிமீட்டர் போவதற்குள் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். நாம் பம்ப் ஒளியை ஒரு கோடாகக் குவிக்கப்போகிறோம், அந்தக் கோட்டின் அகலமும் ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர். ஆழமும் அகலமும் ஒத்துப்போவதால் வெளிவரும் கற்றை ஓரளவு வட்டமாக இருக்கும். செறிவைக் கூட்டினால் ஒளி மேற்பரப்பிலேயே நின்றுவிடும், கற்றை தட்டையாகும், மேற்பரப்பும் சீக்கிரம் எரியும். குறைத்தால் ஒளி ஆழமாகப் பரவிப் பெருக்கம் நீர்த்துப்போகும்.

50 மில்லி கலவைக்கு வேண்டியது 4.8 மில்லிகிராம். கல்லூரித் தராசில் இதை நேரடியாக எடை போடுவது சிரமம். 24 மில்லிகிராமை 50 மில்லி எத்தனாலில் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் 10 மில்லி எடுத்து 40 மில்லி எம்எம்ஏவோடு சேர்த்தால் கணக்கு சரியாக முடியும். எத்தனாலுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது: ரோடமின் 6ஜி ஓர் உப்பு, வெறும் எம்எம்ஏவில் சரியாகக் கரையாது. எத்தனால் சேர்க்காமல் ஊற்றியவர்களின் கட்டியில் சாயம் துகளாக நிற்பதைப் பார்க்கலாம். கல்லூரி ஸ்டோரில் எத்தனாலுக்குக் கணக்குக் கேட்டு இழுத்தடித்தால், எம்எம்ஏவோடு ஹெமா என்ற ஹைட்ராக்சி எத்தில் மெதாக்ரிலேட்டைச் சமபங்கு கலக்கலாம், சாயம் அதில் நன்றாகக் கரையும். ஒரு குறை, ஹெமா சேர்ந்த பிளாஸ்டிக் ஈரத்தை உறிஞ்சும். ஐப்பசி கார்த்திகை மழையில் திறந்து வைத்தால் மெருகு மங்கிவிடும். ஈரம் புகாத டெசிகேட்டர் கலத்தில் வையுங்கள்.

எம்எம்ஏவைச் சுத்தம் செய்வது

கடையிலிருந்து வரும் எம்எம்ஏவில் அது புட்டிக்குள்ளேயே கெட்டியாகாமல் இருக்க ஒரு தடுப்பான் போட்டிருப்பார்கள். அதை எடுக்க வேண்டும். எளிய வழி, அலுமினா நிரப்பிய சிறு குழாய் வழியே மெதுவாக வடியவிடுவது. பழைய வழி, பிரிபுனலில் 5 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலோடு குலுக்கி, அடியில் இறங்கும் நீர் நிறமில்லாமல் வரும்வரை திரும்பச் செய்து, பிறகு வாலைவடிநீரால் கழுவி, நீரற்ற சோடியம் சல்ஃபேட் போட்டு உலர்த்துவது. குறைந்த அழுத்தத்தில் காய்ச்சி வடித்தால் இன்னும் சுத்தம், ஆனால் குடுவையை வற்றவிடாதீர்கள், அடியில் உள்ளது அங்கேயே பிளாஸ்டிக் ஆகிவிடும்.

தடுப்பான் போன எம்எம்ஏ நம்ம ஊர் மே மாதத்தில் வெளியே கிடக்கக் கூடாது. அன்றைக்கே பயன்படுத்துங்கள். முடியாவிட்டால் வேதிப்பொருளுக்கென்று உள்ள குளிர்பெட்டியில் ஒன்றிரண்டு நாள். டிஃபன் பாக்ஸ் வைக்கும் ஃபிரிட்ஜ் அல்ல.

கலந்து, கட்டியாக்குவது

எம்எம்ஏ, சாயக் கரைசல், அப்புறம் பாலிமராகும் வினையைத் தொடங்கிவைக்கும் தொடக்கி. தொடக்கியாகப் பென்சாயில் பெராக்சைடு போடாதீர்கள். அது ஆக்சிஜனேற்றி, ரோடமினை வெளுத்துவிடும். ஏஐபிஎன் (அசோபிஸ்ஐசோபியூட்டிரோநைட்ரைல்) போடுங்கள், எடையில் 0.1 முதல் 0.2 சதவீதம் போதும். அது சிதையும்போது நைட்ரஜன் வாயு வரும், அளவு கூடினால் கட்டிக்குள் குமிழி நிற்கும்.

கலவையை 0.2 மைக்ரான் டெஃப்லான் சிரிஞ்ச் வடிகட்டி வழியே நேரடியாகச் சோதனைக் குழாய்க்குள் செலுத்துங்கள். இந்தப் படியைத் தவிர்ப்பவர்கள் அதிகம். கண்ணுக்குத் தெரியாத தூசு ஒன்று பம்ப் கோட்டில் மாட்டினால் முதல் சில துடிப்பிலேயே அங்கே கரும்புள்ளி விழும், பிறகு அது வளரும். அடுத்து, அல்ட்ராசோனிக் தொட்டியில் சில நிமிடம் வைத்துக் கரைந்த காற்றை வெளியேற்றி, நைட்ரஜனை மெதுவாக மேலே ஓட்டி மூடிவிடுங்கள். ஆக்சிஜன் இருந்தால் கட்டியாவது தாமதமாகும்.

இனி வெப்பம். அவசரப்படுபவர்கள் அத்தனை பேரும் தோற்கும் இடம் இதுதான். எம்எம்ஏ பாலிமராகும்போது மோலுக்கு 55 கிலோஜூல் அளவில் வெப்பம் வெளிவரும். முதலில் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். பாதி வழியில் கலவை தேன் பதத்துக்கு வந்ததும் வளரும் சங்கிலிகள் ஒன்றையொன்று சந்தித்து நிற்பது கடினமாகி, வினை திடீரென வேகமெடுக்கும். டிரோம்ஸ்டார்ஃப் விளைவு என்பார்கள். வெப்பம் வெளியேற வழியில்லாமல் உள்ளே எம்எம்ஏவின் கொதிநிலையான 101 டிகிரியைத் தொட்டுவிட்டால் கட்டி முழுக்க நுரை. எத்தனால் இருந்தால் 78 டிகிரியிலேயே ஆபத்து.

ஆகவே நீர்த்தொட்டியில் 40 முதல் 45 டிகிரியில் தொடங்கி, கலவை ஆடாத ஜெல்லாகும் வரை பல நாள் விடுங்கள். காற்று அடுப்பைவிட நீர்த்தொட்டி நல்லது, வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். கரண்ட் போனாலும் உடனே ஆறாது. அறை 35 டிகிரியில் கிடக்கும் கோடையில் சில மலிவான அடுப்புகளால் 40இல் நிற்கவே முடியாது, அவற்றின் சொந்தச் சூடே அதைத் தாண்டிவிடும். ஏசி உள்ள அறையில் வையுங்கள், அல்லது தனி வெப்பமானி போட்டுப் பாருங்கள். ஜெல்லான பிறகு சில நாள் 50, பிறகு 60. ஹெமா கலவை என்றால் கடைசியில் 80 வரை போகலாம், எத்தனால் கலவை என்றால் 60இல் நிறுத்துங்கள். குளிர்விப்பதும் மெதுவாக, தொட்டியை அணைத்துவிட்டுத் தானே ஆறவிடுங்கள்.

கட்டியாகும்போது எம்எம்ஏவின் கனஅளவு சுமார் 20 சதவீதம் சுருங்கும். அதனால் நீங்கள் போட்ட செறிவு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். சோதனைக் குழாயைத் துணியில் சுற்றி உடைத்துக் கட்டியை எடுங்கள்.

எடுத்ததும் இரண்டு போலராய்டு தாள்களுக்கு நடுவே வைத்து, தாள்களைக் குறுக்காகத் திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள். பழுதான எல்சிடி திரையிலிருந்து உரித்த தாளே போதும். உள்ளே வானவில் கோடுகள் தெரிந்தால் கட்டியில் இறுக்கம் இருக்கிறது. 60 டிகிரியில் ஒரு நாள் வைத்து இன்னும் மெதுவாக ஆறவிடுங்கள்.

வெட்டி, மெருகேற்றுவது

வெட்டும்போது தண்ணீர் ஓட வேண்டும். 100 டிகிரியைத் தாண்டினால் அக்ரிலிக் இளகி ரம்பத்தில் ஒட்டும். ஒரு சென்டிமீட்டர் சதுரம், இரண்டு சென்டிமீட்டர் நீளம் வசதியான அளவு. பம்ப் ஒளி நுழையும் ஒரு பக்கவாட்டு முகம், லேசர் வெளிவரும் இரண்டு முனை முகங்கள், இந்த மூன்றும் கண்ணாடிபோல் இருக்க வேண்டும்.

தண்ணீரோடு உப்புத்தாள் 400, 800, 1200, 2000 என்று ஏறுங்கள். ஒவ்வொரு தாளிலும் முந்தைய கீறலுக்குக் குறுக்காகத் தேயுங்கள், பழைய கீறல் முழுதாகப் போனால்தான் அடுத்த தாள். பிறகு மென்துணியில் 1 மைக்ரான் அலுமினா, கடைசியில் 0.3 மைக்ரான். பெயர்ப்பலகை செய்யும் அக்ரிலிக் கடைகளில் விளிம்பைத் தீயில் காட்டிப் பளபளப்பாக்குவார்கள். பார்க்க ஆசையாக இருக்கும், நமக்கு வேண்டாம். மேற்பரப்பு அலையலையாகி, உள்ளே இறுக்கமும் சேரும். அசிட்டோனால் துடைப்பதும் கூடாது, நொடியில் வெடிப்பு வலை விழும். தண்ணீரும் லென்ஸ் தாளும் போதும்.

முனை முகங்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று சரியான இணையாக இருக்கக் கூடாது. அக்ரிலிக்கின் ஒளிவிலகல் எண் 1.49, ஒவ்வொரு முகமும் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். சாயத்தின் பெருக்கத்துக்கு அதுவே போதும். இரு முகமும் தாங்களே கண்ணாடிகளாகி ஒரு லேசரைத் தொடங்கிவிடும், உங்கள் கிரேட்டிங் சொல் கேட்காது. ஒரு முகத்தை ஐந்தாறு டிகிரி சாய்த்துத் தேய்த்துவிடுங்கள்.

கட்டி செய்யப் பொறுமையில்லை, கண்ணாடித் தகட்டில் சாயம் கலந்த அக்ரிலிக் கரைசலைச் சுழற்றிப் பூசி மென்படலமாக்கலாமா என்று கேட்டால், செய்யலாம், ஆனால் ஒரு பொறி இருக்கிறது. நுண்ணோக்கித் தகட்டின் ஒளிவிலகல் எண் சுமார் 1.51. அக்ரிலிக்கைவிட அதிகம். ஒளி படலத்துக்குள் நிற்காமல் கண்ணாடிக்குள் கசிந்துவிடும். பாலிஸ்டைரீன் எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு 1.59.

முதல் ஒளி

பம்ப் வைப்பதற்கு முன்பு கட்டியின் ஒரு மெல்லிய துண்டில் உட்கவர்தல் நிறமாலை எடுங்கள். கரைசலில் இருந்த வடிவமே கட்டியிலும் இருந்தால் சாயம் பிழைத்திருக்கிறது என்று பொருள்.

பிறகு யாக் லேசரை நொடிக்கு ஒரு துடிப்பு, அதிகம் போனால் ஐந்து என்று வைத்து, சிலிண்ட்ரிகல் லென்ஸ் வழியே கட்டியின் பக்கவாட்டு முகத்தில் கோடாகக் குவியுங்கள். நீளம் 10 மில்லிமீட்டர், அகலம் 0.2. ஒரு மில்லிஜூல் கொடுத்தால் சதுர சென்டிமீட்டருக்கு 50 மில்லிஜூல். ஆற்றலைக் குறைப்பதற்கு லேசரின் விளக்கு மின்னழுத்தத்தைத் தொடாதீர்கள், துடிப்பின் நீளமும் கற்றையின் வடிவமும் மாறிவிடும். அரை அலைத் தகடும் போலரைசரும் கொண்டு குறையுங்கள்.

கட்டியின் முனைக்கு நேரே ஃபைபர் ஸ்பெக்ட்ரோமீட்டரை வைத்து ஆற்றலை மெல்ல ஏற்றுங்கள். முதலில் அகலமான ஒளிர்வு. ஓர் இடத்தில் திடீரென அந்தப் பட்டை ஒடுங்கி 10 நானோமீட்டர் அளவுக்கு வரும், வெளிச்சம் சட்டென்று எகிறும். இது பெருக்கப்பட்ட தன்னியல்பு உமிழ்வு. கண்ணாடியே இல்லாமல், கோட்டின் ஒரு முனையில் தொடங்கிய ஒளி மறுமுனைக்குள் தானே பெருகி வந்தது. பலர் இதையே லேசர் என்று ரெக்கார்டில் எழுதிவிடுகிறார்கள். ஒடுங்கிய பட்டை மட்டும் லேசருக்குச் சான்றல்ல. ஒளியை இரு கண்ணாடிகளுக்கு நடுவே திரும்பத் திரும்ப ஓடவிடும் ஒத்ததிர்வி இன்னும் நம்மிடம் இல்லை. ஆனாலும் இந்தக் கட்டத்தில் கொண்டாடலாம், கட்டி நல்ல கட்டி என்பது தெரிந்துவிட்டது. இந்த ஒடுக்கம் வராவிட்டால் மேலே போகாதீர்கள், மெருகுக்கோ சாயத்துக்கோ திரும்பிப் போங்கள்.

ஒத்ததிர்விக்கு ஒரு பக்கம் முழுப் பிரதிபலிப்புக் கண்ணாடி, மறுபக்கம் பகுதி பிரதிபலிக்கும் கண்ணாடி. சிவப்பு ஹீலியம்-நியான் லேசரைக் கட்டி வழியே அனுப்பி, இரு கண்ணாடியிலிருந்தும் திரும்பும் புள்ளிகளை ஒன்றன்மேல் ஒன்று விழவைத்துச் சீரமைக்கலாம். நீளத்தில் சிக்கனம் முக்கியம். 30 சென்டிமீட்டர் வைத்தால் ஒளி ஒருமுறை போய்வர 2 நானோ நொடி, 8 நானோ நொடிப் பம்ப் துடிப்புக்குள் நான்கே சுற்று. 10 சென்டிமீட்டர் என்றால் பன்னிரண்டு. கிரேட்டிங்கின் தேர்வு ஒவ்வொரு சுற்றிலும் கூர்மையாகிக்கொண்டே போவதால் சுற்று எண்ணிக்கைதான் இங்கே காசு.

நிறம் மாற்றுவது

பின்கண்ணாடியை எடுத்துவிட்டு மில்லிமீட்டருக்கு 1800 கோடு உள்ள கிரேட்டிங்கை வையுங்கள். முதல் வரிசை ஒளி வந்த வழியே திரும்பும் கோணத்தில் அது நிற்க வேண்டும், லிட்ரோ அமைப்பு என்று பெயர். கோட்டு இடைவெளியின் இரு மடங்கைக் கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்கினால் அலைநீளம். 560 நானோமீட்டருக்கு 30.3 டிகிரி, 580க்கு 31.5, 600க்கு 32.7. மொத்த நாற்பது நானோமீட்டரும் இரண்டரை டிகிரிக்குள் அடங்கிவிடுகிறது, ஆகவே மைக்ரோமீட்டர் திருகு உள்ள சுழல்தாங்கி இல்லாமல் இறங்காதீர்கள். கிரேட்டிங்கின் கோடுள்ள முகத்தை விரலால் தொடவோ துடைக்கவோ கூடாது. ஒரு கைரேகை விழுந்தால் அது அங்கேயே இருக்கும்.

முதலில் ஒளிர்வு உச்சத்துக்கு அருகில் ஒரு கோணத்தில் லேசரைப் பிடியுங்கள். பின் சிறிது சிறிதாகத் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் அலைநீளம், ஆற்றல், பட்டை அகலம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஓரங்களுக்குப் போகப்போகக் கிரேட்டிங் சொல்லும் கோடு மெலிந்து, நடுவில் அந்தத் தன்னியல்பு உமிழ்வு பின்னணியாக எழும்பும். உங்கள் உண்மையான நிறமாற்ற எல்லை அது எழும்பும் இடம்வரைதான். ஸ்பெக்ட்ரோமீட்டரில் ஒரு சிறு முள் தெரிகிறது என்பதற்காக எல்லையை நீட்டி எழுத வேண்டாம், வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே அதுதான் வரும்.

பட்டையை இன்னும் ஒடுக்க வேண்டுமானால் கிரேட்டிங்கின் மேல் அதிகக் கோடுகளில் ஒளி விழ வேண்டும். ஹென்ஷ் 1972இல் நடுவில் தொலைநோக்கி வைத்துக் கற்றையை விரித்தார். 1978இல் லிட்மனும் மெட்காஃபும் கிரேட்டிங்கை ஏறக்குறைய படுக்கவைத்து, ஒளியை மேலோட்டமாக உரசவிட்டு அதே காரியத்தைத் தொலைநோக்கி இல்லாமல் முடித்தார்கள். திடநிலைச் சாய லேசரில் இதை எல்லைவரை கொண்டுபோனவர் துவார்த்தே. பல முப்பட்டகங்களால் கற்றையை விரித்து, அக்ரிலிக் சாயக் கட்டியிலிருந்து 350 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் ஒற்றை முறைமை (ஒத்ததிர்வியின் ஒரே ஒரு அதிர்வெண் மட்டும் ஓடும்) லேசரை 1999இல் எடுத்துக் காட்டினார். புராஜெக்ட் அளவில் சில பத்தில் ஒரு நானோமீட்டர் வந்தாலே நல்ல வேலை.

எவ்வளவு நாள் ஓடும்

திடக்கட்டியின் பலவீனம் இது. திரவத்தில் வெளுத்த சாயம் ஓடிப்போய்ப் புதுச்சாயம் வரும். கட்டியில் அடித்த இடத்திலேயே அடித்துக்கொண்டிருக்கிறோம். நொடிக்கு 10 துடிப்பு என்றால் 10,000 துடிப்பு பதினேழு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வெப்பமும் சேரும். அக்ரிலிக் வெப்பத்தை எளிதில் கடத்தாது, சூடானால் ஒளிவிலகல் எண் டிகிரிக்கு பத்தாயிரத்தில் ஒன்று என்ற அளவில் குறையும், கற்றை வளைந்து பரவும். துடிப்பு வேகத்தைக் குறைவாக வைக்கச் சொன்னதற்குக் காரணம் இதுதான். கட்டியைச் சிறு மேடையில் வைத்து அவ்வப்போது மேலும் கீழும் நகர்த்துங்கள். வட்டத் தகடாக வார்த்து மோட்டாரில் சுழற்றுபவர்களும் உண்டு.

ஆயுளை அளப்பதென்றால் ஒரே இடத்தில், ஒரே பம்ப் ஆற்றலில் ஓட்டி, வெளியீடு பாதியாகக் குறைய எத்தனை துடிப்பு ஆனது என்று எழுதுங்கள். பம்ப் அடர்த்தி, துடிப்பு வேகம், செறிவு மூன்றும் பக்கத்தில் இல்லாவிட்டால் அந்த எண்ணை இன்னொருவர் கட்டியோடு ஒப்பிட முடியாது. ரோடமின் கட்டியையும் பிர்ரோமெத்தீன் கட்டியையும் இப்படி அருகருகே ஓட்டிப் பார்ப்பதே ஒரு முழு எம்.எஸ்ஸி புராஜெக்டுக்குப் போதும்.

யாக் லேசர் இல்லாமல் மின்சாரத்தையே நேரடியாகக் கொடுத்துக் கரிமப் பொருளில் லேசர் எடுக்க முடியாதா என்ற கேள்வி கடைசியில் எல்லோருக்கும் வரும். ஜப்பானின் கியூஷூ பல்கலைக்கழகத்தில் அடாச்சி குழுவினர் 2019இல் அப்படி ஒரு கரிம லேசர் டயோடை அறிவித்தார்கள். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் குழு 2023இல் வேறு வழியில் போனது: ஓஎல்ஈடி (மின்சாரத்தில் ஒளிரும் கரிம டயோடு) ஒளியை ஒட்டியே வைத்த பாலிமர் லேசருக்குள் செலுத்தித் தூண்டினார்கள். இரண்டுக்கும் தூசியற்ற அறையும் மென்படல வசதியும் வேண்டும்.

வேலை முடிந்ததும் கட்டியை அலுமினியத் தாளில் சுற்றி, மேலே சாயம், செறிவு, வார்த்த தேதி எழுதி, டெசிகேட்டரில் போடுங்கள். மிச்ச எம்எம்ஏ கலவையைக் கழுவுதொட்டியில் கொட்ட வேண்டாம். கரிமக் கரைப்பான் கழிவுப் புட்டியில், 'தொடக்கி கலந்தது' என்று லேபிள் ஒட்டி, மூடியை இறுக்கிவிடாமல் வையுங்கள். இறுக்கி மூடிய புட்டிக்குள் மீதிக் கலவை மெதுவாக வினைபுரிந்தால் நைட்ரஜன் சேர்ந்து அழுத்தம் ஏறும்.